போர்வைக்கு அடியில் நான்

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் எங்கள் கம்பெனியில் புதுத் துணிக்கட்டைப் பிரித்தால் போதும், அந்தக் கஞ்சி வாசனையிலேயே நான் தொண்ணூற்றொன்றாம் வருடத்துச் சேரப்பணஞ்சேரிக்கு, தையல் டீச்சராக இருந்து ரிட்டயரான எஸ்தர் டீச்சர், டெய்லர் கடை வெட்டுத்துணிகளைச் சேர்த்து நான்கு பெஞ்சுக்கு நடுவே இழுத்துக் கட்டி, எங்கள் அம்மாக்களைச் சுற்றி உட்காரவைத்து ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்த சர்ச் கூடத்துக்குப் போய்விடுவேன்.

முட்டி மடங்காத டீச்சருக்கு அடிப்பக்கத் தையலைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், அது நான். போர்வைக்கு அடியில் மல்லாந்து படுத்தால், வெயில் ஊடுருவிய துண்டுகள் கலர் கலராக ஒளிர, ஊசிகள் எட்டிப் பார்த்துவிட்டு மேலே ஓடும்.

“அடியில எப்படிடீ இருக்கு?”

“எங்கம்மாது கோணலா கீது டீச்சர்!”

“பிரி!” என்பார் டீச்சர். அம்மா பெஞ்சுக்கடியில் காலை நீட்டி என்னை ஓர் உதை விடுவாள்.

ஒருநாள் டீச்சர் மூலையிலேயே தையல் பல்லிளித்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்திவிட்டேன்: “டீச்சர், உங்க தையல்தான் கோணலா கீது!”

மேலிருந்து அம்மா ராகம் போட்டுச் சொன்னாள்: “பிரிங்க டீச்சர்!”

கூடமே சிரித்த சிரிப்பில் என் முகத்துக்கு மேலே போர்வை குலுங்கியது. அதிகம் குலுங்கியது டீச்சர் மூலைதான்.