சபைத் திரையில் ஒரு சாயிப்பு

அயர்லாந்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. இங்கே சீக்கை ஒளித்து வைக்கிறார்கள். எதிர்வீட்டு மோராவின் வாசலில் ஒரு நாள் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மறுநாள் கஞ்சியும் பயறும் கொண்டுபோய், "உங்களுக்கு என்ன நோய்?" என்று நேராகவே கேட்டேன். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "மழை விட்டுவிட்டது பாருங்கள்" என்றாள். இதென்னடா கூத்து என்று மறுபடியும் கேட்டேன். சிரித்தபடியே கதவைச் சாத்திவிட்டாள். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் குன்னத்துகாலில் ஒருவருக்கு மூலம் வந்தால்கூடப் பாறசாலை பஸ்ஸில் நாலு பேர் மருந்து சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் நோயாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டார் முகம் தூக்கிக்கொண்டு போவார்கள்.

என் மகன் பெனோ இங்கே மருத்துவம் படிக்கிறான், மூன்றாம் வருஷம். வார்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் கட்டிலருகே, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு நின்று செல்ஃபி எடுத்து, ஊரிலிருக்கும் என் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். 'பெரியம்மா, இவருக்காக ஜெபிச்சுக்கோங்க' என்று கீழே அவருடைய பெயரும் வியாதியும் வேறு. ஜெபம் பாதி, பவுசு பாதி. என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? நோயாளியைப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் மாணவர்களை வார்டுக்குள்ளேயே விடுகிறார்கள்.

ஞாயிறன்று அக்கா கூப்பிட்டாள். "மக்கா, பெனோக்க அந்த வெள்ளக்கார சாயிப்புக்கு வேண்டி போதகரு பேரு சொல்லி ஜெபிச்சாரு. திரையில படமும் போட்டாச்சு. சபை மொத்தம் அழுதுது ஆக்கும்."

சபை ஆராதனை யூடியூபில் உலகம் முழுக்கப் போகும். "அக்கா, அத உடனே எடுக்கச் சொல்லு" என்றேன்.

"ஏட்டி, ஜெபத்தயா அழிக்கச் சொல்லுகே?"

அன்று மாலையே ஷீபா கூப்பிட்டாள். நெய்யாற்றின்கரைக்காரி, பெனோ போகும் அதே வார்டில் நர்ஸ். அவளும் அந்த ஆராதனையைப் பார்த்திருக்கிறாள். "சேச்சி, அந்த அப்பச்சன் எங்க வார்டுல உள்ள ஆளு. நான் கண்டும் சொல்லாம இருந்தா எனக்க வேலை போவும். வாற ஞாயிறுக்குள்ள பெனோ தானே காலேஜுல போய்ச் சொல்லட்டு. அவன் சொல்லல்லன்னா நான் சொல்லுவேன்."

பெனோ அலட்டிக்கொள்ளவே இல்லை. "படத்த அழிச்சாச்சும்மா. ஷீபா ஆன்ட்டி நம்ம ஊருதானே, சொல்ல மாட்டாங்க." படிப்பு போய்விடுமே என்று பயந்தேன், பொய் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பயம் அவனுடைய அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வந்தது. நாளைக்கு ஒருவருக்கு மருந்து மாறிப்போனாலும் இவன் இப்படித்தான் 'அழிச்சாச்சு' என்பானோ? நாளைக்குச் சொல்லுதேன், நாளைக்குச் சொல்லுதேன் என்றே தள்ளிப்போட்டான். வாசல்மணி அடித்தாலே கல்லூரிக்காரர்களோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பொறுக்கமுடியாமல் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நானும் அவனும் சமையலறையில் உட்கார்ந்து ஆராதனை பார்த்தோம். திடீரென்று திரை நிறைய பெனோ! "நம்ம பெனோ தம்பி நோயாளியப் படம் எடுத்த காரியத்துல, படிப்புக்கே ஆபத்து வந்திருக்கு, ஜெபிப்போம்" என்றார் போதகர். பெனோவின் முகம் வெளுத்துவிட்டது.

"யாருட்ட கேட்டுச் சொன்னீங்க? இது எனக்க காரியமில்லையா? ஊரே பாக்குதேம்மா!"

"அந்த சாயிப்பு தூங்கிட்டுல்லா கெடந்தாரு மக்கா," என்றேன். "அவருட்ட யாரு கேட்டா?"

அவன் எழுந்துபோய் லேப்டாப்பை எடுத்துவந்து, என் கண்ணெதிரிலேயே கல்லூரி டீனுக்கு நடந்ததை எழுத ஆரம்பித்தான்.

இன்று அவனை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். காலையில் போனவன், இன்னும் ஒரு தகவலும் இல்லை. அந்தக் கிழவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்களாம். ஊரில் சபையே உபவாசம் இருக்கிறது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று என் கோட்டுப் பையில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்க எனக்கு மனசு வரவில்லை. வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றிருந்தேன். மோரா தெருவைக் கடந்து வந்தாள். அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டாள்.

"மழை விட்டுவிட்டது பாருங்கள்" என்றேன்.

"ஆமாம், விட்டுவிட்டது" என்று சொல்லி, தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்தாள்.