ரெண்டு தட்டு குறைஞ்ச கணக்கு

எனக்குக் கணக்குன்னா சின்ன வயசுலயே ஆகாது. ஆனா அஞ்சாம் வகுப்பு படிக்கிற என் மகளுக்கு முன்னால அதை ஒத்துக்குவேனா? "கொண்டா பாப்போம்"னு உக்காந்துருவேன். அவ டீச்சர் வெள்ளிக்கிழமையானா ஒரு புதிர்க் கணக்கு குடுத்துவிடுவாங்க. ஆடு, புலி, புல்லுக்கட்டை ஓடத்துல ஏத்தி அக்கரை சேக்குறது, மூணு பேருல பொய் சொல்றவன் யாருன்னு கண்டுபிடிக்கிறது, இப்படி. தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வந்த கையோட நானும் அவளும் மண்டைய உடைச்சுக்குவோம். விடை வந்துட்டா நாங்க போடுற சத்தத்துல, வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கிற எங்க லயமே அதிரும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்த கணக்கு இது: "ஒரு லயத்தில் முன்னால் மூன்று வீடு, அவற்றின் முதுகோடு ஒட்டிப் பின்னால் மூன்று வீடு. ஒரே சுவரைப் பங்குபோடும் வீட்டார் ஒருவருக்கொருவர் ஒரு தட்டுப் பலகாரம் கொடுத்தால், மொத்தம் எத்தனை தட்டு?"

"அடடா, நம்ம லயத்தையே எழுதியிருக்காங்க!"ன்னேன். வட்டகொடைப் பக்கம் எங்க தோட்டத்து லயமும் அப்படித்தான். எங்க வீடு முன்னால நடு வீடு.

எங்க முதுகுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைப் பத்தி இங்க சொல்லியாகணும். ஒன்பது வருசமா நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து நெரையில கொழுந்து எடுத்தவங்க. காலையில நான் அகப்பைக் காம்பால சுவத்துல ரெண்டு தட்டு தட்டுனா, 'நான் கிளம்பிட்டேன்'னு அர்த்தம். அவளும் ரெண்டு தட்டுவா. நாலு மாசத்துக்கு முன்னால அவ கோழி வந்து என் லீக்ஸ் பாத்தியக் கிண்டிப் போட்டுருச்சு. நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவ பத்து சொன்னா, நான் நூறு சொன்னேன். அதோட சரி. அவ மலையில அந்தக் கோடிக்குப் போய் நெரை பிடிச்சுக்கிட்டா. எங்க நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அவ இருமினாலும் இங்க கேக்கும். ஆனா எங்களுக்குள்ள பேச்சு மட்டும் இல்ல. சத்தியமா சொல்றேன், அவ இல்லாம எனக்கு வேலையே ஓடல. ஆனா நானாப் போய்ப் பேசுவேனா? ரோசம் விடுமா?

சரி, கணக்குக்கு வர்றேன். ஆறு உருளைக்கிழங்கை வீடு மாதிரி மூணும் மூணுமா அடுக்கினோம். வறுத்த கச்சான்தான் தட்டு. அந்தக் கடலைய ஒவ்வொரு சுவருக்கும் ரெண்டு ரெண்டா வைக்கச் சொன்னேன். மகள் எண்ணிட்டுக் குதிச்சா.

"முன்னால ரெண்டு சுவர், பின்னால ரெண்டு, நடுவுல மூணு. ஏழு சுவர், பதினாலு தட்டு!"

எங்க கிழங்குக்கும் பின் வீட்டுக் கிழங்குக்கும் நடுவுல இருந்த ரெண்டு கடலைய எடுத்து நான் வாயில போட்டுக்கிட்டேன்.

"பன்னெண்டு."

"அம்மா! கணக்குல யாரும் சண்டை போடலையே!"

"சண்டை போடாத லயம் எந்தத் தோட்டத்துல இருக்கு? உங்க டீச்சர் டவுன்ல இருக்காங்க, அவங்களுக்கு என்ன தெரியும்? தட்டைத் தூக்கிக்கிட்டு நடக்கிறவளுக்குத்தான் கணக்குத் தெரியும். எழுது, பன்னெண்டு."

நான் பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு காலுதான். பிள்ளை முணுமுணுத்துக்கிட்டே எழுதினா.

திங்கக்கிழமை கணக்கு எழுதின கொப்பியை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு வந்தா. புடுங்கிப் பார்த்தேன். சிவப்புல பெரிய பிழைக்குறி. அதுக்குக் கீழ, 'இன்னும் ரெண்டு தட்டு எங்கே?'ன்னு எழுதியிருந்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. என் வீம்புக்குப் பிள்ளைக்குப் பிழை.

"வகுப்புல உனக்கு மட்டுமா பிழை?"ன்னு கேட்டேன்.

"இல்லம்மா, இன்னொருத்தியும் பன்னெண்டுதான் எழுதியிருந்தா."

"யாரு அது?"

அவ சிரிப்பை அடக்கிக்கிட்டுப் பின் சுவரைக் காட்டினா. "அவங்க வீட்டுல பொத்தான் வச்சுச் செஞ்சாங்களாம். கடைசியில அவங்க அம்மா ரெண்டு பொத்தானை எடுத்து மடியில போட்டுக்கிட்டாங்களாம்."

எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிக்கச் சிரிக்கக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாவி, அவளுக்கும் என்னை மாதிரியே கணக்குப் போடத் தெரிஞ்சிருக்கே!

அடுப்படிக்குப் போய் அகப்பையை எடுத்துட்டு வந்தேன். சுவத்துல ரெண்டு தட்டு தட்டினேன். மகள் ஓடி வந்து சுவத்துல காதை வச்சா.

டொக், டொக்.

அதுக்குப் பின்னால அவ குரல் சுவரைத் தாண்டி வந்துச்சு. "ரெண்டு தட்டு எங்கடின்னு டீச்சர் கேக்குறாங்களாமே, என்ன பதில் சொல்லப் போற?"

"தீபாவளியன்னைக்குத் தெரியும். முறுக்கு சுடுறேன், பல்லைத் தீட்டி வை."

"உன் முறுக்கா? அதுக்குப் பல்லு பத்தாது, சுத்தியல் வேணும்!"

"அப்ப உன் கோழிக்குப் போடு. என் லீக்ஸையாவது மறக்கட்டும்!"

ரெண்டு வீட்டுலயும் பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என் மகள் அழிறப்பரைத் தேடி எடுத்து, கொப்பியை மடியில வச்சுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"இப்ப பதினாலுன்னு எழுதவாம்மா?"

"எழுது"ன்னேன். நான் தின்ன ரெண்டு கச்சானுக்குப் பதிலா வேற ரெண்டை எடுத்து அவ கொப்பி மேல வச்சேன்.