தையலக்கா சேர்த்துச் சொன்னது

தையலக்காவுக்குப் பொய்யே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும். அதுவும் கூட்டத்துக்கு நடுவில், கண்ணைக்கூட இமைக்காமல் வரும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான், குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறவன்.

அக்கா போருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவர். மலையடிவார முகாமில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு தையல் மிஷின், ஒரு மகள், அவ்வளவுதான் குடும்பம். முகாமில் தண்ணீர் கிடையாது. ஆற்றிலிருந்து குடம் சுமக்கவே மகளுக்குப் பொழுது சரியாக இருக்கும். பள்ளிக்கூடம் எங்கே போவது? மேலே மலைக்கிராமத்தில் வற்றாத ஊற்று இருந்தது. அங்கிருந்து குழாய் இறக்க எங்கள் அலுவலகமும் தயார். ஆனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்காரர்களே உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. முகாமுக்கு ஒரு மொழி, மலைக்கு ஒரு மொழி. இரண்டும் சரளமாகத் தெரிந்தவர் அக்கா மட்டும்தான்; அதனால் கூட்டத்தில் மொழிபெயர்த்துச் சொல்வதும் அவர்தான். எனக்கு அரைகுறை.

முகாமுக்காகப் பேசியவர் அக்காவின் அத்தான், அத்தை மகன். சொந்த ஊரில் பேக்கரி வைத்திருந்த மனிதர். யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை. முதல் கூட்டத்திலேயே எகிறினார்.

“ஊத்து என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா? நான் கெஞ்சணுமா?”

அக்கா எதிரில் இருந்த மலைக்கிராமத் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். “உங்க ஊத்துத் தண்ணி ருசியே தனின்னு அத்தான் சொல்றாருங்க.”

தலைவரின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் விடவில்லை. “இவங்க வந்த நாள்லேருந்து காட்டுல ஒரு சுள்ளி மிஞ்சல. இதுல தண்ணி வேறயா?”

அக்கா இந்தப் பக்கம் திரும்பினார். “காடு குறைஞ்சுபோச்சாம் அத்தான். ரெண்டு ஊரும் சேர்ந்து மரம் நடலாமான்னு கேக்குறாரு.”

அத்தான் தாடியைச் சொறிந்தார். “நியாயமாத்தான் பேசுறாரு மனுஷன். நடலாம்னு சொல்லு.”

சிரிப்பை அடக்க நான் ஜீப் வரைக்கும் போய்வர வேண்டியிருந்தது. மரம் நடும் யோசனை எதிராளியுடையது என்றே இருவரும் நம்பினார்கள். நம்பி, சரிவு முழுக்கக் கன்றுகளும் நட்டுவிட்டார்கள்.

கடைசிக் கூட்டத்தில்தான் குட்டு உடைந்தது. மலைப் பள்ளிக்குப் புதிதாக வந்த வாத்தியாருக்கு முகாம் மொழி தெரியும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

“சம்மதம் சொல்ல இவ்வளவு பிகுவா? பெரிய ராஜான்னு நெனப்பு” என்றார் அத்தான்.

“உங்க பெருந்தன்மைக்கு நன்றிங்கிறாரு” என்றார் அக்கா.

“அவர் அப்படிச் சொல்லலையே!” என்று எழுந்துவிட்டார் வாத்தியார். மகராசன், அன்றைக்கென்று பார்த்து அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கக் கூடாதா?

தலைவர் அக்காவையே பார்த்தார். “அப்ப தண்ணி ருசின்னது?”

“நான்தாங்க.”

“மரம்?”

“அதுவும் நான்தாங்க.” அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என் பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும். நீங்க ரெண்டு பேரும் பேசுனத அப்படியே சொல்லியிருந்தா, அவ ஆயுசுக்கும் குடம்தான் தூக்கணும்.” இதை மட்டும் இரண்டு மொழியிலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் வெகுநேரம் சரிவில் நின்ற கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நட்டது நட்டாச்சு. இனி அதுக்குத் தண்ணி ஊத்தவும் ஆள் வேணும். குழாயப் போடுங்க” என்றார் கடைசியில். “ஆனா ஒண்ணும்மா, இனிமே திட்டுனாலும் அப்படியே சொல்லணும்.”

தண்ணீர் வந்த அன்று இரண்டு ஊரும் குழாயடியில் கூடியிருந்தது, அக்காவின் மகளைத் தவிர. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அத்தான்தான் முதலில் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, “அடடா, ருசியே தனிதான்” என்றார்.

அக்கா அதைத் தலைவரிடம் சொன்னார். தலைவர் விரலை ஆட்டினார். “போம்மா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?”

“சத்தியமாங்க! இந்தத் தடவ அவரே சொன்னாருங்க!”

மலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று புரியாமல் அத்தான் தலைவரைப் பார்த்தார். பிறகு, யாரிடமும் நீட்டாத அந்தக் கைகளை மறுபடியும் குழாய்க்கு நேராக நீட்டினார்.