பொட்டலத்தில் வந்த வெள்ளை மாத்திரை

போன கோடை விடுமுறைக்கு ஜமுனாமரத்தூர் போயிருந்தோம். போன மறுநாளே என் கணவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி. சந்தைக்குப் பக்கத்து மருந்துக் கடையில் சொன்னேன். கடைக்காரர் டப்பாக்களைத் திறந்து, வேளைக்கு மூன்று மாத்திரையாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "ஒரு வேள போட்டாலே ஜொரம் வுட்ரும்ங்க" என்றார்.

என் கணவருக்கு சல்ஃபா மாத்திரை ஆகாது. ஒரு முறை தெரியாமல் சாப்பிட்டு, மூச்சுத் திணறிப் பிழைத்தவர். எங்கள் வேலூர் டாக்டருக்கு அது தெரியும் என்பதால் நாங்கள் யாரிடமும் சொல்லிப் பழகவில்லை.

விடுதியில் அவர் மூன்றையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"துப்புங்க."

என் உள்ளங்கையில் இரண்டுதான் விழுந்தன. மூன்றாவது உள்ளே போய்விட்டது. எதிலும் பெயர் இல்லை. கையை மூடிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"இதுல எதுங்க சல்ஃபா?"

கடைக்காரர் முகம் வெளுத்தது. "முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா? முழுங்கினது எது?"

"மஞ்சள்."

"அது சளிக்குங்க. நீங்க சொல்றது அந்தப் பெரிய வெள்ள."

கையை விரித்தேன். வெள்ளை மாத்திரை வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

இப்போதெல்லாம் எந்த ஊர் மருந்துக் கடையிலும், என்ன நோய் என்று சொல்வதற்கு முன்பே, அவருக்கு எது ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். பெயர் அச்சிட்ட உறையோடு தராத மாத்திரையைத் தொடுவதில்லை. கடைக்காரர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.