சலவைப் பிரிவு அக்காவின் முறை

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளை எல்லோருக்கும் 'அக்கா' என்றுதான் தெரியும். பெரிய டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். வாய் கொஞ்சம் நீளம். ஊசியோடு விரிப்பைச் சுருட்டிப் போடும் நர்ஸ்களை நறுக்கென்று நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். அப்பேர்ப்பட்ட வாய்க்கு இப்போது பூட்டு விழுந்துவிட்டது. பூட்டியவன் அவளுடைய தம்பி.

தம்பி என்று பேருக்குத்தான். அம்மா போனபிறகு அவனைப் பிள்ளையாக வளர்த்தவள் அவள். ஞாயிறு தவறாமல் காதைத் திருகிச் சபைக்கு இழுத்துப் போனவளும் அவளே. அவன் என்ன செய்தான்? வேலையை விட்டு நீக்கினார்கள் என்ற ஆத்திரத்தில் கிடங்குக்குத் தீ வைத்தான். உள்ளே காவல்காரர் இருந்தார். வெந்தே போனார் மனுஷன்.

ஜெயில் கம்பிவலைக்குப் பின்னால் நின்று அழுதான். "உள்ள ஆள் இருக்குன்னு சத்தியமா தெரியாதுக்கா."

"தெரியலன்னா செத்தவர் எழுந்து வந்துடுவாராடா, பாவி?" என்று கத்திவிட்டு, வெளியே வந்து அவளும் அழுதாள்.

தம்பியின் வக்கீல் வேறு யோசனை வைத்திருந்தார். "அன்னிக்கு சாயங்காலம் அவன் வீட்லதான் இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். சபைக்குப் போற அம்மா நீங்க, உங்க பேச்ச நம்புவாங்க."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடித்த விரிப்பை உதறி மறுபடி மடித்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து, குடிக்காமலே திரும்பி வந்தாள். முழங்கால் போட்டால் "ஆண்டவரே" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. தம்பி சட்டையின் நாற்றம் மூக்கில் ஏறிவிடும்.

கீழே துணி கிடந்தால் அவள் கை சும்மா இருக்காது. தீப்பிடித்த அன்று அவன் வீட்டுக்கு வந்து கழற்றி எறிந்துவிட்டுக் குளிக்கப் போன சட்டையையும் வழக்கம்போல ஊறப்போட்டாள். பெட்ரோல் வாடை. எவனுடைய வண்டியையோ நோண்டியிருப்பான் என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். கறை போயிற்று, வாடை போகவில்லை. மறுநாள் போலீஸ் வந்தபோது சட்டை கொடியில் பளிச்சென்று ஆடிக்கொண்டிருந்தது.

"உம்மகிட்டதானே அவன ஒப்படைச்சேன்? நீர் என்ன பண்ணிட்டிருந்தீர்?" என்று சுவரைப் பார்த்து ஆண்டவரோடு சண்டை போட்டாள். ஆனாலும் ஜெபக்கூட்டத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. போகாவிட்டால் செத்தே போவாள்.

அந்தக் கூட்டத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் 'ஆமென்' சொல்லிவிட்டுத் தன் ஜெபத்தைத் தொடங்க வேண்டும். ஜெபிக்க முடியாதவர் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைத் தட்டினால் முறை நகர்ந்துவிடும். தம்பி பிடிபட்டதிலிருந்து அவள் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு அடுத்த நாற்காலி காலியாகவே கிடந்ததால், எட்டித்தான் தட்ட வேண்டியிருந்தது.

கோர்ட்டுக்கு முந்தின நாள் கூட்டம் தொடங்கியபின் ஒருத்தி உள்ளே வந்தாள். காவல்காரரின் மனைவி. அடக்கத்துக்குப் பிறகு இன்றுதான் வருகிறாள். இருந்தது அந்த ஒரே நாற்காலி. ஒரு கணம் தயங்கிவிட்டு அதிலேயே உட்கார்ந்தாள்.

எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது அக்காவுக்கு. முறை சுற்றிச் சுற்றி அவளிடம் வந்துவிட்டது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். எந்த முழங்காலைத் தட்டுவது? அந்த முழங்காலையா? கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே, நாளைக்கு கோர்ட்ல என்னைய பொய் சொல்லச் சொல்றாங்க. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. அவன் அன்னிக்கு வீட்ல இல்ல. அவன் சட்டைய நான்தான் துவைச்சேன், பெட்ரோல் நாத்தம் போகவே இல்ல. இத நாளைக்கும் சொல்லணும், தைரியம் தாரும்." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா அவன கைவிட்டுடாதேயும். எனக்கு வேற யாரும் இல்ல."

அடுத்து ஆமென் சொல்ல வேண்டியவள் காவல்காரரின் மனைவிதான். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"மொதல்ல சொன்னதுக்கு ஆமென்," என்றாள் கடைசியில். "பின்னால சொன்னதுக்கு என்னால இன்னும் முடியல."

சொல்லிவிட்டு அடுத்தவரின் முழங்காலைத் தட்டினாள்.