மார்கழிக்கு முந்தி வந்த சக்கரம்

யுத்தம் முடிந்து சீமைக் கப்பல்கள் மறுபடி சரக்கு ஏற்ற ஆரம்பித்திருந்த சமயம், என் அக்காள் புருஷனுக்குப் பெரம்பலூரில் பருத்தி அரைக்கும் ஆலை வைக்கும் ஆசை வந்தது. தை மாதம் எடுக்கும் பருத்தியை வெளியூர் வியாபாரிக்குப் போடாமல் அவருக்கே தருவதாகக் குன்னம் பக்கத்து விவசாயிகள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொட்டகை எழுந்துவிட்டது. ஆயில் இஞ்சின் மட்டும் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற வதந்தி இருந்ததால் கடிதப் போக்குவரத்து என் தலையில் விழுந்தது. சுங்கத் தீர்வைப் புத்தகம் ஒன்றை வாங்கி, மச்சான் பஞ்சாங்கம் பார்க்கிற பக்தியோடு படித்தேன். இரண்டிலும் எது எந்த வீட்டில் உட்காருகிறது என்பதில்தான் நன்மை தீமையெல்லாம். முழு மெஷின் என்ற வீட்டில் உட்கார்ந்தால் தீர்வை குறைவு. வெறும் இரும்புச் சாமான் என்ற வீட்டில் உட்கார்ந்தால் ஆளை எழுந்திருக்க விடாது.

கப்பல் மார்கழியில் வரும் என்று கம்பெனி எழுதியது. மச்சான் முகம் சுருங்கிவிட்டது.

"மார்கழில போயி தொழில் தொடங்குறதா மாப்ள?"

"கப்பலத் தைக்குத் தள்ளிப்போட்டா, இஞ்சின மாட்டி ஓட்டுறதுக்குள்ள பருத்தி போயிடும் மச்சான்."

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "மார்கழில குடி போறவன் கார்த்திகையிலயே புது வூட்ல உப்பும் மஞ்சளும் கொண்டு வெச்சிடுறான்ல? அதுமாரி இஞ்சின்ல ஒரு உருப்படிய முன்னாடி அனுப்பச் சொல்லு. கார்த்திகையில தொடங்குனதா ஆயிடும்."

எழுதினேன். கம்பெனிக்காரன் ஏன் என்று கேட்கவில்லை. இஞ்சினின் பெரிய சக்கரத்தை முந்தின கப்பலில் அனுப்பிவிட்டான். தனியாக வந்த சக்கரத்துக்கு இரும்புச் சாமான் கணக்கில் தீர்வை போட்டார்கள். "நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆவும்" என்று மச்சான் கட்டினார். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் கொட்டகைக்கு வந்த சக்கரத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நானும் கைகூப்பி நின்றேன். தீர்வைப் புத்தகம் அக்குளில் இருந்தது.

மார்கழியில் இஞ்சின் வந்தது. கூடவே, துறைமுகத்தில் எங்களுக்காகச் சரக்கு எடுத்துத் தருகிற ஏஜென்ட்டின் தந்தியும் வந்தது. சக்கரமில்லாத இஞ்சின் இஞ்சினே ஆகாது, இதுவும் இரும்புச் சாமான்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். அந்தத் தீர்வையைக் கட்ட மச்சானால் முடியாது. கட்டாவிட்டால் துறைமுகத்திலேயே கிடந்து ஏலத்துக்குப் போகும். குன்னத்திலோ காய் வெடிக்க ஆரம்பித்திருந்தது.

"சக்கரம் இங்கதான இருக்கு? அந்த ஆபீசர வந்து பாத்துட்டுப் போவச் சொல்லேன்" என்றார் மச்சான்.

"அவரு வர மாட்டாரு. சக்கரம்தான் போவணும்."

"பூசை போட்டத மார்கழில வெளிய அனுப்புறதா?"

"சாமி ஊர்வலம் போயிட்டு வருதுன்னு வெச்சிக்கங்க."

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. குங்குமத்தைத் துடைக்கக்கூட விடவில்லை. புது மாலை வேறு போட்டார். அரியலூர் போர்ட்டர் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ரயிலில் ஏற்றினார்.

சென்னைத் துறைமுகக் கிடங்கில் அதிகாரி சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ன?"

"இஞ்சினோட சக்கரம் சார்."

"அது தெரியறது. மாலை எதுக்கு?"

ரயிலில் மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் வாதங்கள் அத்தனையும் செங்கல்பட்டிலேயே இறங்கிவிட்டிருந்தன. மார்கழி, உப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தீர்வைப் புஸ்தகத்துல மார்கழி கிடையாதே."

"இல்லைங்க சார்."

"மாட்டிக் காட்டுங்கோ. சேர்ந்தா மெஷின். சேரலேன்னா இரும்பு."

கூலியாட்கள் சக்கரத்தைத் தூக்கி, அங்கே கிடந்த இஞ்சினின் தண்டில் செருகினார்கள். போகவில்லை. திருப்பிச் செருகினார்கள். அப்போதும் போகவில்லை. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். ஆலை, மச்சான், குன்னத்துப் பருத்தி எல்லாம் ஏலத்துக்குப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் நடு ஓட்டை நிறையச் சந்தனம். மச்சான் பக்தியில் கஞ்சத்தனம் காட்டுகிறவர் இல்லை. அது காய்ந்து கல்லாகியிருந்தது.

தரையில் உட்கார்ந்து குடைக்கம்பியால் சுரண்டினேன். கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். பி.ஏ. படித்ததற்கு அன்றுதான் ஓர் உபயோகம் கண்டேன் என்று சொல்ல ஆசை. ஆனால் படிக்காதவன் இன்னும் சீக்கிரம் சுரண்டியிருப்பான். அடுத்த தடவை சக்கரம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அதிகாரி கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றியது.

"மெஷின்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தத் துணிச்சலில், சக்கரத்துக்கு முன்பு கட்டிய அதிகத் தீர்வை திரும்பி வருமா என்று கேட்டேன்.

"அது சக்கரமா வந்தது. அப்படியே இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த உப்பு, மஞ்சள்... இப்ப வெச்சா நடக்குமோ? மாம்பலத்துல வீடு காலியா கெடக்கு. ஆத்துல தை பொறக்காம வரமாட்டேங்கறா."

"கார்த்திகை தாண்டிடுச்சுங்களே சார்."

இரும்புச் சாமான் கணக்கில் தீர்வை போடப்பட்டவர் மாதிரி நின்றார்.

தை பிறந்து இஞ்சின் ஓடியபோது குன்னத்து வண்டிகள் கொட்டகை வாசலிலிருந்து ரோடு வரை நின்றன. முதல் சுற்றிலேயே மிச்சச் சந்தனம் பறந்து என் வெள்ளைச் சட்டையில் அப்பியது. நல்ல சகுனம் என்றார் மச்சான். சட்டை என்னுடையது.

மறு வருஷம் இன்னொரு இஞ்சினுக்கு எழுதச் சொன்னார். ஒரு உருப்படி முன்னாடியா என்று கேட்டேன்.

"சேச்சே. ஒண்ணாவே வரட்டும் மாப்ள. கப்பல மட்டும் கார்த்திகைக்குள்ள வந்துடச் சொல்லி எழுது."