காற்றடிக்க மறுத்தவர்

கனகராயன்குளத்தில் என் வான் வண்டியின் பிறேக் பழுதான அன்றுதான் அந்த மெக்கானிக்கைச் சந்தித்தேன். மெலிந்த உடம்பு, நாலு சொல்லுக்கு ஒரு இருமல். வண்டிச் சில்லைக் கழற்றியதும், உள்ளே படிந்திருந்த பிறேக் தூளைச் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, ஈரத்துணியால் ஆறுதலாகத் துடைத்தார். எனக்கோ கலியாண வீட்டுக்குப் போகும் அவசரம்.

“தூளைக் காத்தடிச்சு ஊதி விடுங்கோவன் அண்ணை, அரை நிமிச வேலைதானே.”

“இருபது வருசம் காத்தடிச்சுத்தான் நெஞ்சு பழுதாப் போச்சு. இந்தத் தூளுக்குள்ள அஸ்பெஸ்டஸ் கிடக்கு. இனி ஆருக்காகவும் அடிக்கமாட்டன்.”

நான் முகம் சுளித்தேன். அவர் காற்றுக் குழாயை என் கையில் திணித்தார்.

“அவசரமெண்டா நீங்களே அடியுங்கோ. நான் றோட்டுக்கு அங்கால நிக்கிறன்.”

சொன்னபடியே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் குழாயைக் கீழே வைத்தேன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரத்துணியை எடுத்தேன். அவர் அசையவில்லை.

“மூலையளையும் விடாதேங்கோ” என்றார், அங்கிருந்தே.